யந்திரம் நின்ற பிறகு

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 13-ந் தேதி பகலில், திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில், நார்த்தாமலைக்குச் சமீபத்தில், ஒரு சிறு ஆகாய விமானம் வந்து இறங்கிற்று. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் அது; செஸ்னா 172 என்னும் வகையைச் சேர்ந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே கோளாறு நேர்ந்துவிட்டபடியால், நெடுஞ்சாலையையே ஓடுபாதையாகக் கொள்ள வேண்டியதாயிற்று. விமானத்தில் இருந்த இருவரும் உயிர் தப்பினர். சாலையில் போன ஜனங்களுக்கும் தீங்கு நேரவில்லை. சிறிது நேரத்துக்கெல்லாம் கூட்டம் கூடிவிட்டது, செல்போன் வைத்திருந்தவர்கள் படம் பிடித்தார்கள், போக்குவரத்துத் தடைப்பட்டது. மறுநாள் பத்திரிகைகளில் படத்துடன் செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள் வேறு செய்தி வந்தது.

தெய்வாதீனம் என்றார்கள் சிலர். அதிர்ஷ்டம் என்றார்கள் வேறு சிலர். தெய்வாதீனத்தை மறுப்பதற்கு நாம் முன்வரவில்லை. ஆனால், இம்மாதிரிச் சம்பவம் ஒவ்வொன்றையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதி மூடிவிடுவது நியாயமல்ல என்பதே நமது அபிப்பிராயம். யந்திரம் நின்றுபோன விமானத்தைச் சேதமின்றித் தரையில் வைப்பது, யாரோ ஒருவர் பல மாதங்களாகப் பொறுமையுடன் கற்பித்ததும், வேறொருவர் சலிக்காமல் கற்றுக்கொண்டதுமான ஒரு வித்தை. அந்த வித்தை இன்னதென்று தெரிந்தால்தான், அது பலிக்காமற் போகும் சந்தர்ப்பங்கள் எவை என்பதும் நமக்கு விளங்கும்.

இதைப்பற்றி நாம் எழுத நினைத்ததற்குக் காரணம் நார்த்தாமலை அல்ல, மல்லசமுத்திரம். அந்தச் சம்பவத்துக்குச் சில நாட்கள் கழித்து ஒரு சொந்தக் காரியமாக அவ்வூருக்குப் போக நேர்ந்தது. சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோட்டுக்குப் போகும் மார்க்கத்தில் உள்ள ஊர் அது. 1997-ம் வருஷம் ஜனவரி முதல் நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்தது. கமலாபுரம் விமான நிலையத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, காக்கை பறக்கும் தூரம் 30 கிலோமீட்டர் இருக்கலாம். சிறு விமானத்துக்கு அது பத்து நிமிஷப் பிரயாணம். வரப்போரத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கையில், நாம் சட்டம் படித்தவர் என்று தெரிந்துகொண்ட ஒரு பெரிய குடியானவர், வானத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "ஏனுங்க வக்கீலய்யா, மேல போவுதே அந்த மிசினு, அது நின்னு போச்சுன்னா கல்லாட்டம் உளுந்துருமுங்களா?"

கேள்வி நியாயமானது. படித்தவர்களில் பெரும்பாலோரும் மனத்துக்குள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கேட்பதற்கு மட்டும் கூச்சப்படுகிறார்கள்.

விழாது. விமானத்தைத் தூக்கி நிறுத்துவது யந்திரமல்ல. சிறகின் மேலும் கீழும் ஓடுகிற காற்று. யந்திரத்தின் வேலை அந்தக் காற்று ஓயாமல் ஓடும்படி விமானத்தை முன்னால் இழுத்துக்கொண்டு போவதுதான். யந்திரம் நின்றுவிட்டால், அந்த வேலையைப் பூமியின் ஆகர்ஷண சக்தியிடம் ஒப்படைக்கலாம். ஏற்காட்டு மலைப்பாதையில் மிதிக்காமலே சைக்கிளில் இறங்கி வருகிறவனைப் பார்த்திருப்பீர்கள். அவனுக்கு மலைச்சரிவு எப்படியோ, விமானத்துக்கு உயரம் அப்படி. அவன் சரிவைச் செலவழித்து வேகம் வாங்குகிறான். விமானி உயரத்தைச் செலவழித்து வேகம் வாங்குகிறான். கையிருப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

செஸ்னா 172 விஷயத்தில் அந்தக் கையிருப்பைக் கணக்கிட்டே சொல்லலாம். 1955-ம் வருஷத்தில் முதன்முதலாகப் பறந்து, இதுவரை நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுள்ள இந்த விமானத்தைப் போல் உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட விமானம் வேறில்லை. நான்கு பேர் உட்காரலாம். ஆளும் பெட்ரோலும் இல்லாத எடை ஒரு சிறு மோட்டார் காரின் எடைக்கு மேல் போகாது. யந்திரம் நின்ற நிலையில், ஏறக்குறைய மணிக்கு 65 கடல் மைல் வேகத்தை விடாமல் காப்பாற்றி வந்தால், ஒவ்வோர் அடி இறக்கத்துக்கும் ஒன்பது அடி முன்னே செல்லும். ஆயிரம் அடி உயரத்திலிருந்து சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர். மூவாயிரம் அடியிலிருந்து எட்டுக் கிலோமீட்டர். நேரம் என்று பார்த்தால், மூவாயிரம் அடிக்கு நான்கு நிமிஷம். ஆயிரம் அடிக்கு ஒன்றரை நிமிஷம் கூட இல்லை.

இதில் நம் ஜில்லாவுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. விமானத்தின் உயரமானி பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்தே உயரத்தைக் காட்டும். சேலத்து நிலமோ கடல் மட்டத்துக்குமேல் தொள்ளாயிரம் ஆயிரம் அடி உயரத்தில் கிடக்கிறது. ஆகவே, முள் மூவாயிரத்தைக் காட்டும்போது காலடியில் இருப்பது இரண்டாயிரம்தான். கஞ்சமலை, போதமலை, கொல்லிமலை, சங்ககிரி, திருச்செங்கோடு என்று எழும்பி நிற்கும் மலைகளுக்கு நேரே வந்தால் அதுவும் இல்லை. கடற்கரையில் பயின்ற கணக்கைச் சேலத்தில் அப்படியே போட முடியாது.

இனி, யந்திரம் நின்ற அந்தக் கணத்தில் விமானி என்ன செய்கிறான் என்று பார்ப்போம். அவனுடைய முதல் சத்துரு அவனுடைய கையே. பூமி எழும்பி வருவதுபோல் தோன்றும்போது, விமானத்தின் மூக்கை மேலே தூக்கவேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தூக்கினால் வேகம் குறையும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால், சிறகு காற்றைப் பற்றும் சக்தியை இழந்துவிடும். அப்போதுதான் விமானம் உண்மையாகவே கல்லைப்போல் விழும். நமது குடியானவர் அஞ்சியது நடப்பது அந்த இடத்தில்தான். யந்திரம் நின்றதால் அல்ல, பயந்த கை பின்னால் இழுத்ததால். எனவே பள்ளியில் முதற்பாடமே, மூக்கைத் தாழ்த்து, வேகத்தைக் காப்பாற்று என்பது. பூமியை நோக்கிக் கொண்டுபோவதுதான் பிழைக்கும் வழி என்பதைப் புத்தி ஒப்புக்கொண்டால் போதாது. கை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகவே போதகர் திடீரென்று விசைப்பிடியை இழுத்து யந்திரத்தின் சக்தியைக் குறைத்துவிட்டு, "யந்திரம் போய்விட்டது, இப்பொழுது என்ன செய்வாய்?" என்று மாணாக்கனைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார். பத்து முறை, இருபது முறை.

இரண்டாவது சத்துரு ஆசை. புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை. கிளம்பி ஐந்நூறு அடி ஏறியபின் யந்திரம் நின்றால், பின்னால் நல்ல ஓடுபாதை இருக்கிறது. முன்னால் கரடும் காடும். திரும்பிப் போவதற்கு வேண்டிய வளைவிலேயே கையிருப்பு முழுவதும் தீர்ந்துபோகும் என்பதைப் பலர் உயிரைக் கொடுத்து நமக்கு அறிவித்திருக்கிறார்கள். முன்னால் தெரிகிற இடங்களில் சுமாரானது எதுவோ, அதை நாடு என்பதே போதகர்களின் உபதேசம்.

அமெரிக்க தேசத்தில் 2009-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி, நியூயார்க் நகரில் கிளம்பிய ஒரு பெரிய விமானத்தின் இரண்டு யந்திரங்களும் பறவைக் கூட்டம் மோதியதால் சக்தியிழந்தன. தலைமை விமானி ஸல்லன்பெர்கர், 155 பேரையும் ஏற்றிக்கொண்டு ஹட்ஸன் நதியில் இறங்கினார். ஒருவரும் சாகவில்லை. பின்னால் விசாரணை நடந்தபோது, திரும்பி அதே விமான நிலையத்துக்குப் போயிருக்கக்கூடாதா என்ற கேள்வி எழுந்தது. பாவனைக் கூண்டில் வேறு விமானிகளை வைத்துச் சோதித்தார்கள். பறவை மோதிய அதே கணத்தில் திரும்பினால் போய்ச் சேர முடிந்தது. நடந்தது இன்னதென்று புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு வேண்டிய அவகாசம் என்று 35 விநாடி சேர்த்துப் பார்த்தபோது, விமானம் நிலையத்தை எட்டவில்லை, நொறுங்கியது. முப்பத்தைந்து விநாடி! நாம் கோர்ட்டில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கட்டைப் புரட்டுவதற்குள் அது கழிந்துவிடும். சம்பவம் முடிந்த பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இப்படிச் செய்திருக்கலாமே" என்று சொல்கிற நம்மைப் போன்றவர்கள் அந்த முப்பத்தைந்து விநாடியை ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

வேகத்தைக் கட்டி, இடத்தைத் தேர்ந்த பிறகே மற்றவை. யந்திரத்தை மறுபடி கிளப்ப முடியுமா என்று பார்ப்பான். ஒரு தொட்டியில் பெட்ரோல் தீர்ந்திருந்தால் மறு தொட்டிக்கு மாற்றுவான். காற்றும் பெட்ரோலும் கலக்கும் அறையில் பனி உறைந்து அடைத்திருக்கக்கூடும். நம்முடைய வெயிலிலா பனி என்று வாசகர்கள் சிரிக்கவேண்டாம். ஈரக்காற்று அந்த அறையில் விரிந்து செல்லும்போது வெப்பம் வெகுவாகக் குறைந்து, வெளியே இதமான உஷ்ணம் இருக்கும் நாளிலும் உள்ளே பனி கட்டும். வெந்நீர்க் காற்றைத் திருப்பிவிட ஒரு குமிழ் உண்டு என்று சொல்லப்போனோம்; வெந்நீர் அல்ல, வெப்பக் காற்று. குடியானவர் சிரித்துவிட்டு, டீசல் எஞ்சினில் காற்று அடைத்துக்கொண்டால் தாம் படும் பாட்டைச் சொன்னார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தாலும் யந்திரம் நிற்கும். அதனால்தான் காலையில் பறக்குமுன் ஒவ்வொரு தொட்டியின் அடியிலிருந்தும் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து வெளிச்சத்தில் பார்ப்பது கட்டாயம். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்தவர்கள் உண்டு.

யந்திரம் கிளம்பாவிட்டால், ஆபத்தை ரேடியோவில் அறிவித்துவிட்டு, தரையைத் தொடுமுன் பெட்ரோலை அடைப்பான், மின்சாரத்தை நிறுத்துவான், கதவுகளின் தாழை நீக்குவான், இறங்கிய அதிர்ச்சியில் சட்டம் வளைந்து கதவு சிக்கிக்கொள்ளாதபடி. இத்தனையும் நான்கு நிமிஷத்துக்குள். பறத்தல் முதலில், வழி பிறகு, பேச்சு கடைசியில் என்று விமானிகளுக்குள் ஒரு கிரமம் உண்டு. பேச்சைக் கடைசியில் வைத்திருக்கும் அந்தக் கிரமம் நமது தொழிலுக்கும் பத்திரிகைக்கும் சற்றுச் சங்கடமானதுதான்.

காற்றின் திசையைக் கவனிப்பது இவற்றில் மிக முக்கியமானது. நாற்பத்தைந்து கடல் மைல் வேகத்தில் இறங்கும் விமானம், பத்து மைல் காற்றை எதிர்த்து இறங்கினால், தரைமேல் அதன் வேகம் முப்பத்தைந்து. அதே காற்றை முதுகில் வாங்கி இறங்கினால் ஐம்பத்தைந்து. வித்தியாசம் இருபது மைல்தானே என்று நினைக்கக்கூடாது. மோதும் வலிமை வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். முந்தியதைப்போல் இரண்டரை மடங்கு அதிர்ச்சி. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றை அறிந்த நம் பக்கத்தாருக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. வானத்தில் இருப்பவன் காற்றை எப்படி அறிவான்? கரும்பாலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, ஏரித் தண்ணீரில் எந்தக் கரையோரம் அலையில்லாமல் இருக்கிறது, தென்னையோலை எந்தப் பக்கம் புரள்கிறது என்று பார்த்து அறிவான். குடியானவனும் அப்படித்தான் அறிகிறான்.

அடுத்த கேள்விக்குத்தான் நம்மிடம் பதில் இல்லை. "எங்க காட்டுல எறங்கினா, கெணறு இருக்கறது அவங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

அவர் காட்டிய பக்கம் பார்த்தோம். நாம் நின்றது மேட்டாங்காடு. நிலக்கடலை பிடுங்கிய மண் ஒருபுறம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரவள்ளி மறுபுறம். பத்தடிக்குக் குறையாத அகலத்தில் பிளந்து கிடந்தது, பாறை வெட்டிய பழைய கமலைக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லை. விளிம்பெல்லாம் புல். இருபதடி தள்ளி நிற்கும்வரை அங்கே கிணறு இருப்பது நமக்கே தெரியவில்லை. இரண்டாயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது மரநிழல்போலத் தோன்றும். சாய்வாக இறங்கிவரும்போது புல் விளிம்பு மறைத்துவிடும். சேலம் நாமக்கல் சமவெளியை மேலிருந்து பார்த்தால் விரித்த பாய்போல் தெரியும் என்கிறார்கள். கீழே நின்று பார்த்தால், வரப்பு, கிணறு, ஆழ்துளைக் கிணற்றுக் குழாய், பனைமரம், கோழிப்பண்ணைக் கொட்டகை, இவற்றுக்கெல்லாம் மேலாக மின்சாரக் கம்பி. கம்பத்தைக் காணலாம், கம்பியைக் காண முடியாது. கம்பம் இருந்தால் கம்பி இருப்பதாகவே கொள் என்று மாணாக்கனுக்குச் சொல்லித்தருகிறார்கள். கிணற்றுக்கு அப்படி ஓர் அடையாளக் கம்பமும் இல்லை.

பயிரைப்பற்றியும் பெரியவர் சொன்னது நமக்குப் புதிய பாடமாக இருந்தது. கடலை பிடுங்கிய காடு கெட்டியானது, இறங்கலாம் என்றார். கோடை உழவு போட்ட காட்டில் சக்கரம் புதையும். ஆனால் உழவுச்சாலின் போக்கிலேயே வந்தால் ஒருவேளை தப்பலாம். குறுக்கே வந்தால் குப்புறக் கவிழும். விமானப் பாடப் புத்தகங்களும் இதையே சொல்கின்றன, உழவுச்சாலுக்கு இணையாக இறங்கு என்று. மரவள்ளியும் கரும்பும் மேலிருந்து பச்சைப் புல்தரையாகத் தோன்றி ஏமாற்றும். ஆக, மல்லசமுத்திரத்துப் பெரியவர் வாய்ப்பாடமாகச் சொன்னதும் பள்ளியில் போதகர் சொல்வதும் ஒன்றாக இருக்கின்றன. இவ்விருவரும் ஒருவரையொருவர் சந்திக்காமல் இருப்பதுதான் குறை. தாங்கள் அன்றாடம் பறக்கும் பிரதேசத்தின் வயல்வெளியை, எந்த மாதத்தில் எந்தக் காடு காலியாகும், எந்தப் பக்கம் கிணறு அதிகம், எங்கே உயர்மின் கம்பி போகிறது என்பதை, விமானப் பள்ளிகள் தரைவழியே போய்ப் பார்த்துக் குறித்துவைத்தால் என்ன? ஒரு ஜீப்பும் இரண்டு நாளும் போதும்.

சாலையில் இறங்குவது எளிதல்லவா என்று கேட்கலாம். நார்த்தாமலையில் நன்றாக முடிந்தது. அதைக் குறை கூற நாம் யார்? ஆயினும் சாலை என்பது பெயரளவில்தான் ஓடுபாதை. நடுவே தடுப்பு, ஓரத்தில் விளம்பரப் பலகை, குறுக்கே கம்பி, எதிரே பஸ். விமானி தன் உயிரோடு பஸ்ஸிலுள்ளவர்களின் உயிரையும் பணயம் வைக்கவேண்டியிருக்கிறது. நமது விமானப் படையார் 2015-ல் யமுனா விரைவுச் சாலையிலும், 2021-ல் ராஜஸ்தானத்துப் பார்மர் ஜில்லாச் சாலையிலும் விமானங்களை இறக்கியது உண்மை. அவை தடுப்பும் போக்குவரத்தும் அகற்றிச் சித்தம் செய்யப்பட்ட இடங்கள்.

வயலில் இறங்கித் தப்பியதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2016-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி, பாட்னாவிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு டில்லிக்கு வந்த விமானத்தின் இரண்டு யந்திரங்களும் டில்லியை நெருங்கும் சமயத்தில் நின்றுபோயின. நஜஃப்கருக்கு அருகே வயலில் இறக்கினார் விமானி. நோயாளி உட்பட ஏழு பேரும் பிழைத்தார்கள். கனடாவில் 1983-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி நடந்தது இன்னும் விசித்திரம். ராத்தல் கணக்குக்கும் கிலோக் கணக்குக்கும் இடையே நேர்ந்த குழப்பத்தால் போதிய பெட்ரோல் இன்றிக் கிளம்பிய பெரிய விமானம், நாற்பத்தோராயிரம் அடி உயரத்தில் வெறுமையாகி, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானத் தளத்தில் மிதந்து இறங்கிற்று. தலைமை விமானி யந்திரமில்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். அந்தப் பழக்கம் அறுபத்தொன்பது உயிர்களைக் காத்தது.

விமானம் ஓட்டக் கற்பதற்கு நம் வாலிபர்கள் பெரும் பணம் செலவிட்டு அந்நிய நாடுகளுக்குப் போவது நமக்கு உவப்பான விஷயமல்ல. 1929-ல் இந்தியாவில் முதல் விமானி லைசென்ஸ் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, அடுத்த வருஷம் ஆகா கான் பரிசுக்காகத் தனியே பறந்தபோது, எகிப்து தேசத்து அபூகீரில், ஸ்பார்க் பிளக் இல்லாமல் கிளம்ப முடியாது நின்ற ஆஸ்பி எஞ்சினீயரைக் கண்டார். இருவரும் அதே பரிசுக்குப் போட்டியிட்டவர்கள். டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி பரிசை வென்றார். பிற்காலத்தில் நமது விமானப் படையின் தலைவரும் ஆனார். அந்தத் தலைமுறையார் யந்திரம் நிற்பதைத் தினசரி விஷயமாகவே கொண்டார்கள். வயலில் இறங்கிப் பழுது பார்த்துக்கொண்டு மேலே போனார்கள். இன்று யந்திரங்கள் நம்பகமானவை. நம்பகமானவை என்பதாலேயே, அவை நிற்கும்போது விமானி தயாராக இல்லாதிருக்கும் அபாயம் வளர்ந்திருக்கிறது.

1993-ல் திறக்கப்பட்டு, நெடுங்காலம் பிரயாணி விமானம் எட்டிப் பாராமல் கிடந்து, 2018-ல் மறுபடி உயிர்பெற்ற நமது கமலாபுரம் நிலையத்தை, 2022-ல் விமானப் பள்ளிகளுக்கு உரிய ஐந்து நிலையங்களில் ஒன்றாக விமான நிலைய அதிகார சபையார் தேர்ந்தெடுத்தார்கள். வானிலையும் நல்லது, வானில் நெரிசலும் குறைவு என்பது காரணம். நாம் மகிழ்ந்தோம், இன்றும் மகிழ்கிறோம். ஆனால் 2025-ம் வருஷம் அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகத்தார் நாட்டின் விமானப் பள்ளிகளை முதன்முதலாகத் தரம் பிரித்தபோது, மேலான இரண்டு படிகளிலும் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. இதைச் சேலத்துப் பள்ளியைப் பற்றிய குற்றச்சாட்டாக நாம் எழுதவில்லை. நாடு முழுவதற்கும் பொருந்திய விஷயம். பள்ளிகள் பெருகும் வேகத்துக்குப் போதகர்களும் பழுது பார்ப்பவர்களும் பெருகுகிறார்களா என்பதைச் சர்க்கார் கவனிக்கவேண்டும்.

சட்டம் படித்தவர் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறோம். 2012-ல் ஏற்பட்ட விமான விபத்து விசாரணை நிறுவனம் இருக்கிறதே, அதன் விசாரணைக்கு நமது கோர்ட்டு விசாரணைகளில் இல்லாத ஒரு குணம் உண்டு. யார் மீது குற்றம் என்று தீர்ப்பது அதன் நோக்கமல்ல. மறுபடி நேராமல் தடுப்பது ஒன்றே நோக்கம். சர்வதேச விதியும் அதுவே, நமது விதியும் அதுவே. குறுக்கு விசாரணையிலேயே காலம் கழித்த நம் போன்றோருக்கு இது முதலில் விளங்குவது கடினம். உயிர்ச்சேதமில்லாத இறக்கம் இந்த விசாரணைக்குப் பெரிய நிதி. விபத்தில் யந்திரம் நசுங்கிப்போகும். விமானி பேச இருக்கமாட்டான். இங்கேயோ யந்திரம் இருக்கிறது, விமானி இருக்கிறான், என்ன கேட்டது, என்ன மணத்தது, எந்த முள் முதலில் சரிந்தது என்று சொல்லுவான். ஒருவரும் சாகவில்லையே என்று அந்தக் கட்டைத் தூசி படிய விடுவதுபோல் வீண் செலவு வேறில்லை. அறிக்கைகள் இங்கிலீஷில் வெளியாகின்றன. விமானம் எந்த ஊரில் இறங்கிற்றோ அந்த ஊர் ஜனங்களுக்கு, அவர்கள் பாஷையில், ஒரு பக்கத்தில் சுருக்கம் தரக்கூடாதா? நமது பத்திரிகையில் இடம் தர நாம் தயார்.

பயிர் நஷ்டத்தைப்பற்றியும் பெரியவர் கேட்டார். 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்தில், நியாயமான உயரத்தில் விமானம் ஒருவன் நிலத்தின் மேலாகப் பறந்தது என்ற காரணத்துக்காக மட்டும் வழக்காட முடியாது என்று ஒரு பிரிவு இருந்தது. மேலே பறப்பது வேறு. இறங்கி ஒருவன் கடலையை உழுதுவிடுவது வேறு. நஷ்டத்தை விமானத்தை நடத்துகிறவர்கள் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நமது யோசனை. அதில் ஒரு வேடிக்கை உண்டு. சிறு விமானம் இறங்கினால் கெடுவது ஒரு சால் அகலம். வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் மிதித்துக் கெடுப்பது காடு முழுவதும். அதை யார் கொடுப்பது?

கூட்டத்தைப்பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சிறகில்தான் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. இறங்கிய அதிர்ச்சியில் ஒழுகக்கூடும். அதனருகே பீடி பற்றவைக்கலாகாது. நின்றிருக்கும் விசிறியைக் கையால் சுழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே விசை மூடப்படாதிருந்தால் யந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி ஆளை வெட்டிவிடும். உள்ளே இருப்பவர்களுக்குக் காயமென்றால் இறக்கி அப்பால் கொண்டுபோவதும், 112-க்குச் சொல்வதும், போலீஸார் வரும்வரை ஒரு துண்டையும் தொடாமல் காப்பதும் ஊராரின் வேலை. முறிந்த ஒரு துண்டை ஞாபகார்த்தமாக எடுத்துப் போகிறவன், ஒருவேளை அந்த விசாரணையின் விடையையே எடுத்துக்கொண்டு போகிறான்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட என்ன செலவாகும் என்று பெரியவரைக் கேட்டோம். விமானத்துக்காக மட்டும் கேட்கவில்லை. சாலையோரக் கிணறுகளில் வண்டியோடு விழுந்து மாண்டவர்களின் செய்திகளை நாம் எத்தனையோ தடவை அச்சிட்டிருக்கிறோம். அவர் செலவைச் சொன்னார். இந்தப் போகம் முடியாது, அடுத்த கடலை விலை பார்த்துத்தான் என்றார். பிறகு சிறிது யோசித்து, "சொவுரு கட்றது அப்பறமுங்க. சுத்திலியும் கல்லு அடுக்கிச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சா, மேல போறவங்களுக்குத் தெரியுமல்லங்க?" என்றார். தெரியும் என்றோம். மறுநாள் சந்தையில் சுண்ணாம்பு வாங்கிவர மகனிடம் சொல்லிக்கொண்டே மாட்டை அவிழ்க்கப் போனார்.